பக்கத்து வீட்டு சுபேதார்

ஒக்கலிபுரம், பெங்களூரு
20.10.2024

அன்புள்ள லீனா,

உறையின் மேல் உன் மடத்துப் பெயரைப் போட்டு சகோதரி அமலி என்று எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்கு லீனாதான். நானும் க்ளெனும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் ஆஸ்துமா எப்படி இருக்கிறது? மலையில் மழை விடாது பெய்யும், காதைக் கட்டிக்கொள்.

நலம் என்று எழுதினேனே தவிர எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பக்கத்து வீட்டு டிரேவரை உனக்குத் தெரியும். நம் கோயிலில் காணிக்கைத் தட்டு எடுப்பாரே, அவர்தான். மனைவி டீனா, மகளின் பிரசவத்துக்கென்று ஆஸ்திரேலியா போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். அந்தத் தனிமைக்கு இந்த மனிதர் மூன்று நாய்களை வளர்க்கிறார். மேஜர், கர்னல் என்று இரண்டு ஜாதி நாய்கள். மூன்றாவது தண்டவாளத்து ஓரத்திலிருந்து தூக்கி வந்த தெருநாய், அதற்குப் பெயர் சுபேதார். காலை எட்டு மணிக்கு மூன்றையும் மொட்டை மாடியில் விட்டுவிட்டு, டிரைவிங் ஸ்கூல் வேலைக்குப் போய்விடுகிறார். அவர் தலை மறைந்ததும் பட்டாளம் ஆரம்பிக்கிறது. காக்கை உட்கார்ந்தால் குரைப்பு, கேஸ் வண்டி வந்தால் குரைப்பு, ஒன்றும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று குரைப்பு. மாடிப்படியில் நின்று நானும் தினமும் அதட்டிப் பார்க்கிறேன், அடங்கவில்லை.

க்ளென் அமெரிக்கக் கம்பெனிக்கு ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு ஏழரை மணிக்கு வீடு வருகிறான். மதியம் இரண்டு வரைக்காவது தூங்க வேண்டாமா? போன வாரம் பத்தரைக்கே எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இப்படியே போனா நான் ஆபீஸ் பக்கத்துல ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுவேம்மா" என்றான். உன் அத்தான் போய் மூன்று வருஷம் ஆகிறது. இவனும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்குச் சமைப்பேன், சொல். அந்த நாய்களை நான் விடப்போவதில்லை.

மடத்துத் தலைவி அம்மா கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்று தெரியும். படிக்கட்டும். படித்துவிட்டு அவரும் ஒரு மணி ஜெபிக்கட்டும்.

உன் அக்கா
ஜோசஃபின்

மடம்
6.11.2024

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும், மொட்டை மாடியிலும் கொஞ்சம் தங்கட்டும். ஆஸ்துமா பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை, எழுதாவிட்டால் வலிக்கிறது என்று அர்த்தம்.

தலைவி அம்மா உன் கடிதத்தைப் படித்தார். "காக்கை" என்ற இடத்தில் சிரித்தார். மற்ற இடங்களில் சிரிக்கவில்லை.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? நம் வீட்டுச் சுவருக்குப் பின்னால்தான் தண்டவாளம். நாம் பிறந்ததிலிருந்து ரயில் போய்க்கொண்டே இருக்கிறது. க்ளென் தொட்டிலில் கிடந்தபோது எஞ்சின் கூவும், அவன் விரலைச் சப்பிக்கொண்டு தூங்குவான், நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவனை நாய் எழுப்புமா? டிரேவரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பார். சண்டையாக வேண்டாம், ஒரு டம்ளர் டீ கொடுத்துப் பேசு.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. நீ மறந்துவிட்டு, பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்வாய் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

க்ளெனுக்கு என் ஆசீர்.

லீனா

ஒக்கலிபுரம்
18.11.2024

அன்புள்ள லீனா,

முழங்கால் வலிக்கிறது. சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். நீ சுகம் என்று அறிந்து நிம்மதி.

டீ கொடுத்துப் பேசச் சொன்னாய். டீ மட்டுமா, மெதுவடையும் கொடுத்தேன். இந்த மாதம் எங்கள் தெரு அன்பியத்தின் ஜெபக் கூட்டம் நம் வீட்டில். தெருவிலிருக்கும் பதினோரு குடும்பமும் வந்தது, டிரேவரும் பாட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். அவரவர் மன்றாட்டைச் சொல்லும் நேரம் வந்ததும் நான் வாயைத் திறந்து, ராத்திரி உழைத்துக் களைத்துப் பகலில் தூங்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைத் தூங்கவிடாத அண்டை வீட்டாருக்குக் காது திறக்கவும் மன்றாடினேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் யார் தெரியுமா? டிரேவர்தான். அவர் வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு வாசலில் நிறுத்தி நேராகவே சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். "அதுங்க சும்மாதான் இருக்கும் ஜோசஃபின். உன் வீட்டுலேர்ந்து யாராச்சும் கத்தினாத்தான் குரைக்கும்" என்றார். என் வீட்டில் கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? என் வடையைத் தின்றுவிட்டு என்னையே குற்றம் சொல்லிவிட்டுப் போகிறார்.

ரயில் விஷயம் எழுதியிருந்தாய். ரயில் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போகிறது. நாய்க்கு டைம்டேபிள் கிடையாது. மடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் உனக்குப் புரியாது.

உன் அக்கா
ஜோசஃபின்

ஒக்கலிபுரம்
20.1.2025

அன்புள்ள லீனா,

கிறிஸ்துமஸுக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. மடத்தில் எல்லோருக்கும் சளி என்று எழுதியிருந்தாய், மிளகுரசம் வைத்துக் கொடுக்கச் சொல். நான் இருக்கிறேன்.

இந்த இரண்டு மாதத்தில் நான் பார்க்காத ஆள் இல்லை. வார்டு ஆபீஸில் சரவணன் என்று ஒரு பையன் பெரிய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்று நாய்க்கும் லைசென்ஸ் சரியாக இருக்கிறது, ஊசியும் போட்டிருக்கிறது என்றான். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர், "பகல்ல குரைச்சா நாய்னு அர்த்தம்மா, ராத்திரி குரைச்சா வாங்க" என்றார். சிரித்தார்கள்.

அதனால் நானே காவல் இருக்கிறேன். க்ளென் படுத்ததும் காலிங் பெல் ஒயரைக் கழற்றிவிடுகிறேன். குக்கர் வைப்பதில்லை, விசில் அடிக்கும், பருப்பைச் சட்டியில்தான் வேகவைக்கிறேன். ஃபேனுக்கு எண்ணெய் போட்டாயிற்று. வீட்டுக்குள் செருப்புப் போடாமல் நடக்கிறேன். பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நம் மாடியில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவு கம்பிவலை மட்டும்தான். ஒன்று குரைக்க ஆரம்பித்ததும் குச்சியால் தரையில் அடித்து "ஏய், வாயை மூடு" என்று அதட்டுகிறேன். பட்டாளத்து நாய்களுக்குத் தமிழ் புரியாதோ என்று, "பாய் முச்சு" எனக் கன்னடத்திலும் சொல்லிப் பார்க்கிறேன். சுபேதார் வாலை ஆட்டிக்கொண்டே குரைக்கிறது. அப்படி ஒரு திமிர். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது மாடி ஏறி இறங்குகிறேன், முழங்கால் பூரி மாதிரி வீங்கிவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. இவ்வளவு செய்தும் பிள்ளை பதினோரு மணிக்குள் எழுந்துவிடுகிறான். கண்ணெல்லாம் சிவப்பு. கதவைத் திறந்து, அந்தச் சனியன்கள் எழுப்பிவிட்டனவா கண்ணு என்று கேட்டால், ஆமாம்மா என்கிறான். எனக்கு அழுகை வருகிறது.

பிப்ரவரியில் க்ளென் நண்பர்களோடு கொடைக்கானல் போகிறான். வழியில் உன்னைப் பார்க்க வருவான். அவனையே கேள். நான் மிகைப்படுத்துகிறேன் என்றுதானே நினைக்கிறாய், அவன் வாயாலேயே கேட்டுக்கொள்.

உன் அக்கா
ஜோசஃபின்

மடம்
2.3.2025

அன்பு அக்காவுக்கு,

உன் முழங்காலுக்காக ஜெபிக்கிறோம். இங்கே எல்லோரும் நலம்.

க்ளென் வந்திருந்தான். முக்கால் மணி நேரம் பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினான். நன்றாக இருக்கிறான், கொஞ்சம் மெலிந்திருக்கிறான். நீ கொடுத்தனுப்பிய அதிரசம் வந்து சேர்ந்தது.

அவன் சொன்னதை எப்படி எழுதுவது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரே ஒரு வாரம் நீ மாடிக்குப் போகாமல் இரு. நாய்கள் எவ்வளவு குரைத்தாலும் ஒரு வார்த்தைகூடத் திட்டாதே. அப்புறம் என்ன ஆகிறது என்று பார். ஏன் என்று இப்போது கேட்காதே.

வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை கடிதம் கிடையாது. நீ எழுதினாலும் கட்டி வைத்து ஈஸ்டருக்குத்தான் தருவார்கள். மன்னித்துக்கொள்.

லீனா

ஒக்கலிபுரம்
14.3.2025

அன்புள்ள லீனா,

நீ இதை ஈஸ்டருக்குத்தான் படிப்பாய். பரவாயில்லை, எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். உன் சுகத்தைக் கேட்கிறேன், கேட்டதாக வைத்துக்கொள்.

மாடிக்குப் போகாதே, திட்டாதே. இதைச் சொல்லத்தான் இருபத்தெட்டு வருஷம் ஜெபம் செய்தாயா? நானும் கேட்கிறேன், பிள்ளை உன்னிடம் என்ன சொன்னான்? வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னது, ஆபீஸ் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்துவிட்டான் என்பது. அதற்கு இவ்வளவு ரகசியமா? அவன் போவதை நாய்கள் நின்றால்தான் நிறுத்த முடியும், அதை நான் நிறுத்திக் காட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பட்டாளம் உச்சத்தில் இருந்தது. கம்பிவலை ஒரு இடத்தில் அறுந்திருக்கிறது. அதைத் தாண்டி குச்சியை நீட்டப் போனேன். சுபேதார் என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. டிரேவர் அன்றைக்குப் பார்த்து எதையோ மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஹெல்த் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து ஊசி போட வேண்டுமாம். இரண்டு ஆகிவிட்டது.

கடித்த நாயை வைத்துக்கொண்டிருக்க அவருக்கு மனசு வராது, பார்த்துக்கொண்டே இரு.

உன் அக்கா
ஜோசஃபின்

ஒக்கலிபுரம்
2.4.2025

அன்புள்ள லீனா,

நலமாக இரு. எனக்குக் கை வலிக்கிறது. நாலு ஊசி ஆகிவிட்டது, ஐந்தாவது எட்டாம் தேதி.

ஈஸ்டர் வரைக்கும் நீ படிக்கமாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சுபேதார் என்னைக் கடிக்கவில்லை.

அறுந்த கம்பி என் காலைக் கிழித்தது. கீழே உட்கார்ந்து புடவையால் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாய் வலைக்கு அந்தப் பக்கம் நின்று குரைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் டிரேவர் மாடி ஏறி வந்தார். ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவரே, "சுபேதாரா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அதற்கப்புறம் நான் எதுவும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்தது. நர்ஸ் காயத்தைப் பார்த்து, பல் பட்ட மாதிரி இல்லையே என்றபோதுகூட டிரேவர்தான், இல்ல சிஸ்டர், எதுக்கும் போட்டுடுங்க என்றார்.

ஒவ்வொரு ஊசிக்கும் அவரே கூட்டிப் போகிறார். ஒவ்வொரு தடவையும் ஸாரி சொல்கிறார். போன தடவை சிவாஜிநகரிலிருந்து ஒரு டஜன் கமலா ஆரஞ்சு வாங்கி வந்தார். அந்த மனிதர் ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

23ஆம் தேதி மூன்று நாய்களையும் வேன் பிடித்து ஆனேக்கல்லில் ஆண்ட்ரூ என்ற சிநேகிதரின் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். சுபேதாரை மட்டும் அனுப்பினால் மற்ற இரண்டும் சாப்பிடாதாம். வேனில் ஏற்றும்போது நான் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை சுபேதார் கயிற்றை அறுத்துக்கொண்டு தோட்டத்திலிருந்து ஓடிவிட்டதாம். டிரேவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து ஆனேக்கல் போய் சாயங்காலம் வரை தேடிவிட்டு வந்தார்.

ஆனால் வீடு அமைதியாக இருக்கிறது. அதற்குத்தானே இவ்வளவும்.

ஜோசஃபின்

ஒக்கலிபுரம்
16.4.2025

லீனா,

சுகமா. எனக்குத் தூக்கம் இல்லை.

நாய் போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. மாடியில் காக்கைகூடச் சத்தம் போடுவதில்லை. க்ளென் இரண்டு மணி வரை தூங்குகிறான். முகம் தெளிந்துவிட்டது. நான் குக்கரைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன், விசிலுக்குக்கூட எழவில்லை.

நேற்று சாப்பிடும்போது, மே ஒன்றாம் தேதி ரூமுக்குப் போகிறேன் என்றான். நாய்தான் இல்லையே, பிறகு ஏன் என்று கேட்டேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே, "அதான் ரூம் பாத்தாச்சேம்மா" என்றான். அவ்வளவுதான். இதற்கா நான் ஐந்து ஊசி போட்டுக்கொண்டேன்?

நேற்று பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு ஆள் தள்ளி டிரேவர். உள்ளே போய், கோபப்பட்டேன் சாமி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிள்ளை உன்னிடம் என்ன சொன்னான்? ஈஸ்டர் முடிந்த அன்றே எழுது.

ஜோசஃபின்

மடம்
22.4.2025

அன்பு அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்கு ஆறுதல் தரட்டும். உன் மூன்று கடிதத்தையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றாகக் கொடுத்தார்கள். தேதிப்படி படித்தேன். பிறகு என்னால் விருந்துக்குப் போக முடியவில்லை.

நீ கேட்டாய், சொல்கிறேன். க்ளெனுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாய்ங்க சத்தம் எனக்குக் கேக்கறதே இல்ல சித்தி. ட்ரெயின் மாதிரிதான் அதுவும். அம்மா மாடியில போய்க் கத்தறாங்க பாருங்க, அதுலதான் முழிச்சுக்கறேன். தினமும். அப்புறம் கதவைத் தொறந்து, நாய் எழுப்பிடுச்சா கண்ணுன்னு கேப்பாங்க. ஆமான்னுடுவேன். வேற என்ன சொல்றது? நீதான்மா எழுப்பினேன்னா சொல்லமுடியும்?"

வீட்டைவிட்டுப் போவதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று கேட்டேன். பெண் யாராவது இருக்கிறாளா என்றும் கேட்டேன். இல்லை என்றான். அப்பா போனதிலிருந்து நீ அவனைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்றும், ஒரு தும்மலைக்கூட உனக்குத் தெரியாமல் தும்ம முடியவில்லை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான் அக்கா. உன்னைப் பிடிக்காமல் சொல்லவில்லை.

இனி என் தவறு. மார்ச் இரண்டாம் தேதியே இதை எழுதியிருக்க வேண்டும். தவக்காலத்தில்கூடத் தலைவி அம்மாவிடம் அனுமதி கேட்டிருந்தால் ஒரு கடிதத்துக்கு விட்டிருப்பார். நான் கேட்கவே இல்லை. எழுதாமல் இருக்க ஒரு சட்டம் இருந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது. அந்த வசதியில் ஒரு நாய் காணாமல் போயிருக்கிறது.

என்மேல் கோபப்படு. நியாயம்தான்.

லீனா

ஒக்கலிபுரம்
3.5.2025

லீனாவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். சுவருக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு என்ன கேடு.

முந்தாநாள் க்ளென் போய்விட்டான். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. உன் கடிதத்தை அவன் முன்னால் போட்டு, நான் கத்துவதுதான் உனக்குத் தொல்லையா என்று கேட்டேன். படித்தான். என் காலைப் பிடித்துக்கொண்டான். ஆனால் பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை.

உன்னிடம் அழுவான், என்னிடம் ஆமாம்மா என்பான். நீயும் தெரிந்துகொண்டு நாற்பது நாள் மௌனம் காப்பாய். நான் மட்டும் முட்டாள் மாதிரி மாடியில் குச்சியோடு நிற்பேன். அவனைத் தூங்கவைக்கத்தானே நின்றேன்? வேறு எதற்கு அந்த வெயிலில் நிற்பேன்?

இந்த வீட்டைவிட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. உனக்குக் கடவுள் கிடைத்தார், உன் அத்தானுக்கு மாரடைப்பு, இவனுக்கு நாய். அம்மா படுக்கையில் கிடந்தபோது நீ மடத்துக்குப் போனாய். எட்டு வருஷம் நான் பார்த்துக்கொண்டேன். அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை உனக்கு எழுதியிருப்பேனா? இப்போது எழுதுகிறேன்.

இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

ஜோசஃபின்

மடம்
29.6.2025

அன்பு அக்காவுக்கு,

போட வேண்டாம் என்று சொன்ன பிறகும் போடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மழை தொடங்கிவிட்டது, ஆஸ்துமா கொஞ்சம் படுத்துகிறது.

அம்மாவைப் பற்றி நீ எழுதியது உண்மை. இருபத்தெட்டு வருஷமாக நான் அந்த வரிக்குக் காத்திருந்தேன். நான் போனது சரிதான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அதற்காக நீ பட்ட பாட்டை நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயமாக இருந்தது.

இரண்டே கேள்வி. சுபேதார் கிடைத்ததா? டிரேவரிடம் சொல்லிவிட்டாயா?

லீனா

ஒக்கலிபுரம்
17.8.2025

அன்புள்ள லீனா,

ஆஸ்துமாவுக்கு மருந்தை நிறுத்தாதே. எனக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறுவதில்லை, அதனால் வீக்கம் மட்டும் குறைந்திருக்கிறது.

உன் முதல் கேள்விக்குப் பதில், கிடைக்கவில்லை.

இரண்டாவதற்குப் பதில், சொல்லிவிட்டேன். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் வருகிறேன் என்று டிரேவரோடு ஆனேக்கல் பஸ்ஸில் ஏறினேன். அதுவரை வாராவாரம் தனியாகப் போய்த் தேடிக்கொண்டிருந்தார். கையில் சுபேதாரின் கழுத்துப் பட்டை. யாரிடமாவது காட்டி விசாரிக்க வசதியாக இருக்குமாம். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் சொன்னேன். "டிரேவர், சுபேதார் என்னைக் கடிக்கல. கம்பிதான் கிழிச்சது. நீங்க கேட்டதும் ஆமான்னுட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தவே இல்லை. சந்தாபுரம் வந்ததும் கேட்டார். "அஞ்சு ஊசியும் போட்டுக்கிட்டியே ஜோசஃபின்."

"போட்டுக்கிட்டேன்."

"ஒவ்வொண்ணுக்கும் நான்தானே கூட்டிட்டுப் போனேன்."

ஆனேக்கல்லில் இறங்கியதும், நீ வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாக நடந்தார். நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மறுநாளே மேஜரையும் கர்னலையும் வேனில் கூட்டி வந்துவிட்டார். என்னோடு பேசுவதில்லை. பூசையில் சமாதானம் சொல்லும்போது நான் கை கூப்பினால் அவர் பின்வரிசைக்குத் திரும்பிவிடுகிறார். திரும்பட்டும். எனக்கு அது போதாது என்றுகூடத் தோன்றுகிறது. அதற்காக அவர் நாய்கள் குரைப்பது எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதே. முன்னைவிட மோசமாகக் குரைக்கின்றன.

உன்மேல் கோபம் தீரவில்லை. க்ளென்மேலும் தீரவில்லை. எழுதாமல் இருந்தால் தீரும் என்று பார்த்தேன், வளர்ந்துதான் போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

முந்தாநாள் மாதா திருநாள், ஆபீஸும் லீவு. முதல் நாள் ராத்திரி வேலையை முடித்துவிட்டு க்ளென் நேராக இங்கே வந்தான். மூன்று மாதத்தில் இது நாலாவது தடவை. பூசைக்குப் போய்வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஹாலில் பாயை விரித்துப் படுத்தான். நான் சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு மாடியில் இரண்டும் ஆரம்பித்தன. எனக்குக் கால் தானாகப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. வாயையும் திறந்துவிட்டேன். பிறகு உன் கடிதம் ஞாபகம் வந்தது. பொய்யா நிஜமா, இன்றைக்குத் தெரிந்துவிடட்டும் என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் லீனா. நாய்கள் விடாமல் குரைத்தன. சென்னை வண்டி போனது, மைசூர் வண்டி போனது. எதிர்வீட்டில் யாரோ டிரில் போட்டார்கள். க்ளென் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், ஒரு தடவைகூடப் புரண்டு படுக்கவில்லை. நீ எழுதியது உண்மைதான். நான் அத்தனை மாதமும் எழுப்பியிருக்கிறேன்.

விட்டிருந்தால் இன்னும் தூங்கியிருப்பான். அன்றைக்கு அவனுக்கு வேலையும் இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் விழித்ததும் கிளம்பிவிடுவான் என்று எனக்குத் தெரியும், அதற்குள் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் போல் இருந்தது. நாலரை மணிக்குத் தோளைத் தட்டி நான்தான் எழுப்பினேன்.

உன் அக்கா
ஜோசஃபின்